எட்டு விநாடி

சவோனா துறைமுகத்துக்குப் பின்னால்
தரையோடு விற்றுக்கொண்டிருந்த கிடங்கு.
உள்ளே மூன்று பேர், ஒரு ஹீட்டர்.
வெளியே தலைக்கு மேல்
நிலக்கரி வாளிகள்
கம்பிவடத்தில், நின்றது நின்றபடி.

வேனை விற்றுத்தான் மெலோட்ரான் வாங்கினோம்.
இப்போது அதை ஏற்றிப்போக வேன் இல்லை.
ஒத்தாவியா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.
நான் சிரிப்பதில்லை.
வேன் என்னுடையது.

வெள்ளைப் பெட்டி, பிணக்கனம்.
ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடா.
ஒவ்வொரு நாடாவிலும் யாரோ ஒருவர்
நாங்கள் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்னால்
ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து
ஒரே ஒரு சுரத்தை வாசித்துவிட்டு
கூலி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.
அழுத்தினால் வருவார்.
எட்டு விநாடி.
அதற்குமேல் நாடா இல்லை.
விரலை எடுத்தால் ஸ்பிரிங் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும்,
மறுபடி அழுத்தினால்
மறுபடி முதலிலிருந்து.

‘வாளிகள்’ என்று ஆல்பத்துக்குப் பெயர்.
முதல் பக்கம் முழுக்க ஒரே உருப்படி,
இருபத்திரண்டு நிமிடம்.
நேவியோ டிரம்ஸ் குச்சியால் காதைச் சொறிந்தபடி
கணக்குப் போட்டான்:
நூற்று அறுபத்தைந்து தடவை நீ கையை எடுக்கணும்.
கணினியில் இதே ஒலி இருபத்தொன்பது யூரோ,
எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீளும்.

நீளட்டும், என்றாள்.
எனக்கு இது போதும்.

போதவில்லை.
ஆப்பிரிக்கப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தால்
நாடா தொய்ந்து கால் சுரம் இறங்கும்.
ஆர்கன் இறங்காது, அது மின்வாரியத்துக்குக் கட்டுப்பட்டது.
மூக் சூடாகவே அரைமணி,
சூடானபின் அதற்குத் தனி அபிப்பிராயம்.
லெஸ்லி பெட்டிக்குள் கொம்பு சுற்றச் சுற்ற
கிடங்கே லேசாகச் சுற்றியது, அல்லது
நாங்கள் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள், விடிகாலை மூன்று மணி.
ஹெட்ஃபோனைக் கழற்றாமலே நேவியோ கத்தினான்.
புல்லாங்குழல் நாடா, எஃப் ஷார்ப்,
சுரம் தொடங்குமுன் ஒரு கிறீச்.
நாற்காலி.
வாசித்தவர் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.
பிறகு ஒரு மூச்சு.
பிறகுதான் குழல்.

வெட்டிவிடலாம், என்றான்.
நானும் அதையே சொன்னேன்.
ஒத்தாவியா பதில் பேசாமல்
ஹீட்டர் பக்கம் போய் உட்கார்ந்தாள்.
மறுநாள் புதிதாக ஒரு பகுதி எழுதி வந்தாள்.
அதில் ஏழு முறை அதே எஃப் ஷார்ப்.
ஏழு கிறீச்.
இரண்டு, இரண்டு, மூன்று என்று
நேவியோ அந்த நாற்காலியைப் பின்தொடர்ந்து அடிக்கவேண்டும்.
இரண்டு வாரம் திட்டிக்கொண்டே அடித்தான்.
மூன்றாவது வாரம்
நாற்காலி கொஞ்சம் முந்துகிறது என்று
குறை சொல்லத் தொடங்கினான்,
கூட வாசிப்பவனைச் சொல்வதுபோல.

வெளியீட்டன்று துறைமுகத் தொழிலாளர் மன்றம்.
அறுபது பேர்.
முன்வரிசையில் தாடிக்காரர் ஒருவர்
ஒத்தாவியாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை:
அப்படியே எழுபத்துமூன்று! அப்படியே!
நன்றி, என்றாள். முகம் புளித்துப் போயிருந்தது.
எழுபத்துமூன்றில் எங்கள் வாளிகள்
ஓடிக்கொண்டிருந்தனவே ஐயா,
என்று நான் சொல்லவில்லை.

பதினாறாவது நிமிடம் மின்சாரம் போயிற்று.
ஆர்கன் சட்டென்று இல்லை.
மூக் இல்லை, என் பேஸ் இல்லை.
மெலோட்ரானின் மோட்டார் மட்டும்
போன வேகத்தில் இன்னும் கொஞ்சம் சுற்ற
புல்லாங்குழல்காரர் இருட்டில்
படி படியாக இறங்கினார்
குழலுக்கு இல்லாத தாழ்ந்த சுரங்களுக்கு,
அங்கிருந்து
ஒரு மாட்டின் உறுமலுக்கு,
அங்கிருந்து.

கைதட்டினார்கள். திட்டமிட்டது என்று நினைத்து.

அது ஓய்ந்தபின்
மூன்றாம் வரிசையில் யாரோ
நகர்ந்து உட்கார்ந்தார்.
கிறீச்.

இரண்டு, இரண்டு, மூன்று,
தன்னை அறியாமல்
தொடங்கிவிட்டான் நேவியோ.